கையாண்டவர் தவறு

மார்ச் 3

படித்த நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்குள் ஒரு டார்ச் விளக்கு. அதைப் பிறந்த குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினால், ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல், மஞ்சள் காமாலை எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடுமாம். தலைமை மருத்துவர் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் நாலு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு மூன்று மாதம் சோதிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார், பிரசவ வார்டில் மூத்த நர்ஸ் நான்தான் என்பதால். அதைச் செய்தவளின் அண்ணன் மனைவி நான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அது அப்படியே இருக்கட்டும். அளவுத் தாள்களை உன் நிறுவனத்துக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த உறையிலேயே சொல்ல வேண்டியதையும் எழுதிப் போடுகிறேன். காகிதத்தில் இருந்தால், அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் யாரும் மழுப்ப முடியாது.

உனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் நான்தான் புரட்டிப் படுக்க வைத்தேன், துடைத்தேன், ஊட்டினேன். நீ கடைசி இரண்டு நாளுக்கு வந்தாய். வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, "மருந்தெல்லாம் சரியாதான் குடுத்தீங்களா அண்ணி? நீங்க நர்ஸ்தானே, டாக்டர் இல்லையே" என்று கேட்டாய். பிறகு உன் அண்ணனிடம் அப்படிக் கேட்கவே இல்லை என்று சாதித்தாய்.

இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளின் நெஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறவள் நான். விரலை எடுத்ததும் வெளுத்த இடத்தில் மஞ்சள் தெரியும். முகத்தோடு நிற்கிறதா, வயிற்றுக்கு இறங்கியதா, பாதம் வரை போய்விட்டதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. என் விரலுக்கு பேட்டரி தேவைப்பட்டதில்லை.

இருந்தாலும் சொன்ன வேலையைச் செய்வேன். அது உனக்காக அல்ல.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

அது டார்ச் இல்லை. வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்புகிறது. உள்ளே போய்த் திரும்பி வரும் வெளிச்சத்தில் எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, ரத்தத்தில் காமாலை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகிறது. கையேட்டில் எழுதியிருக்கிறது. படங்களும் போட்டிருக்கிறோம். வாசிக்கச் சிரமமாக இருந்தால் படத்தைப் பார்த்தால் போதும்.

உங்கள் கட்டைவிரலைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சுவரின் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கண் மாற்றிச் சொல்லும். இரண்டு நல்ல நர்ஸுகள் ஒரே குழந்தையைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? குதிகாலில் குத்தி, பிழிந்து, குழாயில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறீர்கள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையை ஒரே நாளில் மூன்று முறை குத்தியதை நான் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். ஐந்து வருடம் ஆயிற்று. குத்துவதில் உங்களுக்கு என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மற்ற விஷயம். நான் என்ன கேட்டேன் என்பது உங்களுக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அதற்கு நீங்கள் சொன்னது மறந்துவிட்டது போலிருக்கிறது. என் அம்மா கிடந்த அறை வாசலில் நின்று, "விருந்தாளிக்கு யாராவது காபி குடுங்க" என்றீர்கள். பெற்ற தாய் வீட்டில் நான் விருந்தாளி. அதையும் காகிதத்தில் போட்டுவைப்போம்.

கருவியை நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் வெளி வெளிச்சம் புகுந்து எண் குறையும். காமாலை இறங்க நீல விளக்கில் வைத்த குழந்தைக்கு அளக்காதீர்கள். விளக்குப் பட்ட தோல் வெளுத்திருக்கும், உள்ளே இருப்பதைக் காட்டாது. இதுவும் கையேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
விருந்தாளி


மார்ச் 27

விருந்தாளி அம்மணிக்கு,

அறுபத்திரண்டு குழந்தைகளின் தாள்களை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் என் கண், பிறகு உன் கருவி, கடைசியில் ரத்தம். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கையேட்டை முழுவதும் வாசித்தேன். பதினாலாம் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

ஐம்பத்தைந்து குழந்தைகளுக்கு உன் எண்ணும் லேப் எண்ணும் ஒட்டி நின்றன. என் கண் அந்த அளவுக்கு நிற்கவில்லை. இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன், ஏனென்றால் தாளில் இருப்பதை நீ எப்படியும் பார்க்கப் போகிறாய்.

இப்போது மற்ற ஏழு குழந்தைகளைப் பார். இருபதாம் குழந்தை: உன் கருவி ஒன்பது என்றது, ரத்தம் பதினாறு என்றது. முப்பத்தெட்டாம் குழந்தை: கருவி எட்டு, ரத்தம் பதினைந்து. இப்படியே ஏழும். ஏழையும் இரண்டு இரண்டு முறை அளந்தேன். ஒன்றுகூட நீல விளக்கில் கிடந்ததில்லை. உன் கருவியை நம்பியிருந்தால் ஏழையும் துணியில் சுற்றி, போய் வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஏழும் நல்ல கறுப்புக் குழந்தைகள். தாளில் தோல் நிறம் எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கட்டம் இல்லாததற்கும் எண் தப்பியதற்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து எந்தக் குழந்தைகளை வைத்து இதைப் பழக்கினீர்கள்? வெளுத்த குழந்தைகளை மட்டும் வரிசையில் படுக்க வைத்தீர்களா? உன் அண்ணன் கறுப்பு. நீ அவரைவிட ஒரு படி கூட. ஐந்து வருடத்தில் ஒருநாள்கூடக் கண்ணாடி பார்க்கவில்லையா?

என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

தாள்களைப் பார்த்தேன். இதற்கு முன் நானூறு குழந்தைகளிடம் அளந்திருக்கிறோம். சராசரிப் பிழை மிகக் குறைவு. ஏழு குழந்தைகளை வைத்து ஒரு கருவியைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

ஏழு அளவுகளும் உங்கள் ஷிப்டில், உங்கள் கையால் எடுத்தவை. எண் ஒரேயடியாகக் குறைந்திருப்பதைப் பார்த்தால், கருவியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆகவே அந்த ஏழுக்கும் எதிரில் 'கையாண்டவர் தவறு' என்று குறித்து, அறிக்கையிலிருந்து விலக்கிவிட்டேன். மீதி ஐம்பத்தைந்தும் மிக நன்றாக வந்திருக்கின்றன. அதற்கு நன்றி.

அடுத்த மாதம் ஒப்புதல் குழு கூடுகிறது. அதுவரை ஓரத்தில் பென்சிலால் எழுதுவதையெல்லாம் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர் அளவு தப்பினால் ஏன் தப்பியது என்று முடிவு செய்ய ஒரு படிப்பு வேண்டும். நீங்கள் நர்ஸ்தானே. இந்த முறை காகிதத்திலேயே சொல்லிவிட்டேன். மழுப்பினேன் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நாத்தனார்


ஏப்ரல் 5

அம்மா தாயே,

உன் கருவியைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. கையாள்கிறவள்தான் தவறு என்றால், கையாளாமல் இருந்துவிட்டால் தவறே வராது அல்லவா?

தலைமை மருத்துவர் கேட்டால் பழுது என்று சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் விரல் இருக்கிறது, லேப் இருக்கிறது. இத்தனை வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தோம். உனக்கு அது வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ.

ஏழு குழந்தைகளை ஒரு பேனாக் கோட்டில் அடித்துப் போட உனக்கு மனசு வந்தது. உன் அம்மா என் மடியில் கிடந்தபோது உன்னைப் பற்றி ஒன்று சொன்னார். அதை எழுத மாட்டேன். இறந்தவர் வார்த்தையை வைத்து அடிக்கும் அளவுக்கு நான் இறங்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நல்ல குழந்தை விளையாட்டு. தலைமை மருத்துவருக்கு எழுதிப் பீரோவைத் திறக்க வைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். எழுதப் போவதில்லை. உங்கள் கோபம் இறங்க ஒரு வாரம் விடுகிறேன். அதற்கு மேல் உங்கள் கோபத்தோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 19

நாத்தனாருக்கு,

இதை நான் வேறு யாருக்கும் எழுதவில்லை. உனக்கு எழுதுவதற்குக் காரணம், நீ ஆறுதல் சொல்ல மாட்டாய் என்பதுதான்.

எங்கள் மருத்துவமனையின் சலவை அறையில் ஒரு பெண் வேலை செய்கிறாள். வார்டு விரிப்புகளைத் துவைத்து மடித்துத் தருகிறவள். பேச்சு குறைவு. எட்டாம் தேதி எங்கள் வார்டிலேயே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம். குழந்தை மாநிறம், நல்ல எடை, அழுகையும் கணீரென்று இருந்தது. பத்தாம் தேதி காலை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான்தான் பார்த்தேன்.

அந்த வாரம் வார்டு ஜன்னல்களுக்கு யாரோ புண்ணியவான் மஞ்சள் திரை வாங்கி மாட்டியிருந்தார். வெயில் அதன் வழியாக விழுந்தபோது குழந்தை, தொட்டில், என் கை எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தன. விரலால் அழுத்தினேன். மஞ்சள் இருந்தது. திரையின் மஞ்சள் என்று மனதுக்குள் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். வெளியே நடைக்குத் தூக்கிப் போய்ப் பார்த்திருக்கலாம். ரத்தம் எடுத்திருக்கலாம். வாசலில் இன்னும் நாலு பேர் டிஸ்சார்ஜுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பீரோ எனக்கு ஆறடி தூரத்தில் இருந்தது. அதன் பக்கம் என் கண் போனது உண்மை. போனதும் உன் முகம் நினைவுக்கு வந்தது. திறக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, கொண்டு போ" என்றேன்.

பதிமூன்றாம் தேதி அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் முழுவதும் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்ததாம், சமத்துக் குழந்தை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். வந்தபோது குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுதது. அந்த அழுகையை நான் என் வேலையில் மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன். உள்ளங்கால் வரை மஞ்சள். ரத்தத்தில் இருபத்தெட்டு. இரண்டு முறை ரத்தம் மாற்றினோம். நீல விளக்கில் நாலு நாள் வைத்தோம். உயிர் தங்கிவிட்டது. இவ்வளவு ஏறினால் மூளையைத் தொடும்; காது, கை கால் அசைவு எல்லாம் எப்படி இருக்கும் என்பது மூன்றாம் மாதம்தான் தெரியும் என்கிறார் மருத்துவர்.

ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. பத்தாம் தேதி காலையில் உன் கருவியை அந்தக் குழந்தையின் நெற்றியில் வைத்திருந்தால் அது சொல்லியிருக்குமா?

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. பதில் எழுதிக் கிழித்தது மூன்று முறை.

சொல்லியிருக்கும். மாநிறக் குழந்தைகளிடம் அது நன்றாக அளக்கிறது. உங்கள் தாள்களிலேயே அப்படிப்பட்ட குழந்தைகள் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஐந்தாம் நாள் இருபத்தெட்டு வர வேண்டுமென்றால் இரண்டாம் நாளே பதிமூன்றுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். கருவி பதிமூன்று காட்டியிருந்தால் நீங்கள் ரத்தம் எடுத்திருப்பீர்கள். அதுவும் தவறவிட்டிருக்கும் என்று எழுதினால் நம் இருவருக்கும் வசதியாக இருக்கும். அப்படி எழுதியதைத்தான் முதலில் கிழித்தேன்.

ஆறுதல் சொல்ல மாட்டேன் என்று சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள். நீங்கள் செய்தது கேவலம். ஆனால் பீரோ பூட்டியிருப்பது எனக்கு எட்டாம் தேதியே தெரியும். உங்கள் கடிதம் என் மேசை மேல் இருந்தது. ஐந்து நிமிடத்தில் திறக்க வைக்கலாம் என்று நானே எழுதினேன். திறக்க வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நீங்களே இறங்கி வந்து கேட்பீர்கள், அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வாரத்துக்குள்தான் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஏழு குழந்தைகளைத் திரும்பப் பார்த்தேன். தாள்களோடு நீங்கள் அனுப்பிய கருவியின் நினைவு அட்டையில், ஒவ்வொரு அளவுக்கும் எந்தக் கோணத்தில் பிடித்தார்கள் என்பதும் பதிந்திருக்கும். அதைப் பார்க்கும் வழி எனக்கு முன்பே தெரியும். பார்க்கவில்லை. நேற்றுப் பார்த்தேன். ஏழு முறையும் இம்மி பிசகாமல் நேராகப் பிடித்திருக்கிறீர்கள். எங்கள் ஆட்களே அவ்வளவு நேராகப் பிடித்ததில்லை. பழைய நானூறு குழந்தைகளின் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். நல்ல கறுப்பு என்று சொல்லத்தக்கவை பதினொன்று. எண் தப்பியதைப் பார்த்ததும் எனக்குக் கருவி மேல் சந்தேகம் வரவில்லை, உங்கள் மேல் வந்தது. அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

ஏழையும் அறிக்கையில் திரும்பச் சேர்த்து, 'கையாண்டவர் தவறு' என்பதை அடித்துவிட்டு, என் கையெழுத்தோடு ஒப்புதல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நிறுவனத் தலைவர் அறைக்கு அழைத்தார். "யாரோ ஒரு நர்ஸ் பென்சில்ல எழுதினதுக்கு அஞ்சு வருஷ வேலைய நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரும்போது அவ்வளவு அசிங்கமாகக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். ஒப்புதல் தள்ளிப்போய்விட்டது. குழுத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கறுப்புக் குழந்தைகளிடம் முதலிலிருந்து அளக்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். தாளில் தோல் நிறத்துக்குக் கட்டம் போட்டாயிற்று.

பீரோவைத் திறந்துவிட்டீர்களா?

நாத்தனார்


ஜூலை 20

நாத்தனாருக்கு,

திறந்தது ஏப்ரல் பதிமூன்றாம் தேதி. அன்றிலிருந்து உன் கருவி தொடாமல் எந்தக் குழந்தையும் வார்டை விட்டுப் போனதில்லை. நல்ல கறுப்பாக இருந்தால் அது என்ன சொன்னாலும் ரத்தம் எடுக்கிறேன். மஞ்சள் திரைகளை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். தலைமை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதம் வார்டிலிருந்து எடுத்து ஆவணக் கட்டுகளிடம் உட்கார வைத்தார். பிறகு ஆள் போதவில்லை என்று திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அது மன்னிப்பு ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. உடம்புவாகு, சில குழந்தைகளுக்கு இப்படி ஏறிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். எனக்கு அது மூன்று மாதமும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காது பரிசோதனை. அவள் கணவன் லாரி ஓட்டப் போயிருந்தான், துணைக்கு யாரும் இல்லை. நான் கூடப் போனேன். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பித் திரையில் அலை எழும்புகிறதா என்று பார்த்தார்கள். வலது காதுக்கு மெல்லிய அலை எழும்பியது. இடது காதுக்கு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயும், கோடு அப்படியே நின்றது. கை கால் நன்றாக இருக்கிறதாம். வலது காதுக்குக் கருவி மாட்டினால் பேச்சு வரும் என்கிறார்கள். இடது காது அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னேன். கருவியைப் பூட்டி வைத்தது வரை சொன்னேன், உன்னை மட்டும் இழுக்கவில்லை. அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகுதான் பேசினாள்.

"அந்த மெஷினு பீரோலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"பூட்டியா?"

"பூட்டிதான்."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட."

"எதுக்குப் பூட்டினீங்க?"

"ஒருத்தி மேல கோவம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புகார் கொடுத்திருந்தால் அதற்கும் தயாராகத்தான் போனேன். தலையை நிமிர்த்தி என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். காலில் ஒட்டியதை என்னவென்று பார்ப்பார்களே, அப்படி. "அவ்ளோதானா" என்றாள். எழுந்து போய்விட்டாள். நாமும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் எத்தனையோ விதமாக இளக்காரம் செய்துகொண்டோம். அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வருகிறாள். விரிப்புகளை மடித்துத் தருகிறாள். எண்ணிக்கை சொல்வதைத் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கருவியின் புதிய பதிப்போடு வருகிற மாதம் நீயே நேரில் வருவதாகத் தலைமை மருத்துவர் சொன்னார். வீட்டில் தங்கு. உன் அண்ணன் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். எனக்கு உன்னை இன்னும் பிடிக்கவில்லை. நீயும் என்னைப் பிடித்துவிட்டது என்று நடிக்க வேண்டாம்.

ஆனால் வந்ததும் வார்டுக்குப் போக மாட்டோம். முதலில் சலவை அறைக்கு அழைத்துப் போவேன். நான் கோபப்பட்ட அந்த ஒருத்தி நீதான் என்று அவளிடம் சொல்வேன். அவள் உன்னையும் ஒருமுறை பார்க்கட்டும். பிறகு நாம் இருவரும் வேலையைத் தொடங்கலாம்.

அண்ணி